சிவப்புக் கோட்டுக்கு வெளியே இருந்த அறை

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் நிரோஷாவும் வந்து, வாங்கப்போகும் பிளாட்டின் படங்களை மேசையில் பரப்பிக் காட்டினீர்கள். வெளிச்சமான வீடு. அம்மாவுக்குப் பிடித்திருந்தது. இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை என்று நீ சொன்னபோது அவள் ஒன்று கேட்டாள்: "அப்ப சித்தப்பா எப்பிடித் தம்பி ஏறி வருவார்?" நீ படங்களை அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல், "அவர் வரமாட்டார் அம்மா. எங்களோட இருக்க விருப்பமில்லாமல் போனவர்தானே" என்றாய். அம்மா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

புறப்படும்போது காருக்குப் பக்கத்தில் நின்று நீ கேட்டதற்கும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அப்பா, வீட்டுப் பேப்பர் பாக்க உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல சொலிசிட்டர் ஆரும் இருக்கினமோ?" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அம்மாவின் கேள்விக்கும் உன் கேள்விக்கும் பதில் ஒன்றுதான் மகனே. ஐந்து வருடமாக அதை வாயால் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பேசினால் நடுவில் எழுந்து போய்விடுவேன் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். லண்டனில், தோர்ன்டன் ஹீத்தில் கடைக்கு மேலே இருந்த பிளாட்டில் நாங்கள் நான்கு பேர். நீயும் என் தம்பி யோகனும் ஒரே அறையில். ஊரில் சண்டைக்காலத்துச் செல்லடியில் ஒரு காலை முழங்காலுக்கு மேலே இழந்துவிட்டு வந்தவன் அவன். பொய்க்கால் போட்டால் புண் வரும், போடாவிட்டால் ஊன்றுகோல். அந்த வீட்டுக்குப் பதினெட்டுப் படி. இறங்குவதென்றால் மேற்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக இருந்து இருந்து இறங்குவான். கடைக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்ற கூச்சத்தில் கடை திறக்குமுன் இறங்குவான், இல்லாவிட்டால் இறங்கவே மாட்டான். ஒரு மாரிகாலம் முழுவதும் அவன் தெருவைக் காணவில்லை. ஆனால் நீ பள்ளிக்கூடத்தால் வந்துவிட்டால் அந்த அறையிலிருந்து சிரிப்புக் கேட்கும். இரண்டு பேரும் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டு, அம்பயரைத் திட்டிக்கொண்டு இருப்பீர்கள். கலியாணம் கட்டாமலே போய்விட்டானே என்ற என் கவலை அந்த நேரங்களில் கொஞ்சம் ஆறும்.

நாங்கள் வீடு தேடியதற்குக் காரணம் அவன்தான். படி ஏறாமல் படுக்க, குளிக்க, வெளியே போக அவனுக்கு ஓரிடம் வேண்டும். நோர்பரியில் இந்த வீட்டைப் பார்க்கப் போனபோது மற்ற அறைகளை நான் சரியாகக் கவனிக்கவே இல்லை. குசினிக்குப் பின்னால் ஓர் அறை, அதற்குள்ளேயே குளிக்கும் இடமும் கக்கூசும், வளவுக்குப் போக ஒரு கதவு. யோகன் அந்தக் கதவைத் தானே திறந்து வெளியே போய் நின்றான். உள்ளே வந்தான். பிறகு தேவையே இல்லாமல் இன்னொரு தடவை வெளியே போனான். அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த இடத்திலேயே நான் வீட்டை வாங்கிவிட்டேன் என்று வைத்துக்கொள். மிச்சமெல்லாம் வெறும் பேப்பர் என்று நினைத்தேன்.

வெஸ்ட் ஈலிங் கோவிலில் பழக்கமான ஒருவர், குரோய்டனில் இருந்த மிஸ் தேவகி என்ற சொலிசிட்டரிடம் அனுப்பினார். மலேசியாவிலிருந்து சட்டம் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். முதல் நாளே அவருடைய கேள்விகள் எனக்குப் பிடிக்கவில்லை. யார் யார் இருக்கப்போகிறீர்கள், ஏன் இந்த வீடு, பிறகு கட்டிச் சேர்த்த பகுதி ஏதும் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் ஏழு வருடம் கிளாக்கராக இருந்தவன் என்பது உனக்குத் தெரியும். வடக்கு எல்லை ஒழுங்கை, கிழக்கு எல்லை இன்னாருடைய காணி என்று எத்தனை காணி உறுதிப் பத்திரங்களை என் கையால் எழுதியிருப்பேன். இங்கே வந்து பெற்றோல் ஷெட்டில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று சிகரெட் விற்றேன். அப்படிப்பட்ட எனக்கு, என் தொழிலிலேயே என்னைவிட இளைய ஒரு பெண் பாடம் எடுக்கிறாள் என்று தோன்றியது. யோகனைப் பற்றிச் சொன்னால் வங்கிக் கடனுக்கு ஏதும் சிக்கல் வருமோ என்ற பயம் வேறு. "நானும் மனுசியும் மகனும்தான்" என்றேன். கட்டிச் சேர்த்த பகுதி எதுவும் தெரியாது என்றேன். எந்த அறைக்காக வீடு வாங்கினேனோ, அந்த அறையை என் சொலிசிட்டரிடமே மறைத்தேன்.

ஒருநாள் நான் வேலையில் நிற்கும்போது அவர் எனக்குப் போன் எடுத்தார்.

"சார், நான் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. பார்க்கவும் போறதில்லை. என் வேலையெல்லாம் பேப்பர்லதான். அதனால ஒரு பிளான் அனுப்பியிருக்கேன். அதைக் கையில வச்சுக்கிட்டு நீங்க அங்க ஒரு தடவை நடந்து பார்க்கணும். சிவப்புக் கோட்டுக்குள்ள இருக்கிறதுதான் உங்களுக்கு வரும். வெளிய ஏதாவது நிக்குதான்னு பார்த்துச் சொல்லுங்க."

"பாத்தனான். எல்லாம் சரியாய்த்தான் இருக்கு."

"நேத்து சாயந்தரம்தான் சார் தபால்ல போட்டேன். உங்க கைக்கு இன்னும் வந்திருக்காதே" என்றார்.

அவர் குரலில் கேலி இருக்கவில்லை. இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பிடிபட்டவனுக்கு வருகிற கோபம் எனக்கு வந்தது.

பிளான் மறுநாள் வந்தது. அம்மாதான் உறையைத் திறந்தாள். அப்போது அவள் வீட்டில் சேலைச் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், நினைவிருக்கும். பேப்பரில் அளவு கீறி வெட்டுகிற கண் அவளுக்கு. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பிளானை விரித்து, விரலால் கோட்டைச் சுற்றி ஒரு தடவை போய் வந்தாள்.

"இஞ்சருங்கோ, இதைப் பாருங்கோ. இது முன்பக்கம். இது குசினி. கோடு குசினியோட முடியுது. யோகன்ர அறை எங்க?"

"அது பழைய மாப். அறை பிறகு கட்டினது."

"பிறகு கட்டினதெண்டாலும் கீழ நிலம் வேணுமெல்லே? நிலமே கோட்டுக்கு அங்கால எண்டால் அது ஆரின்ர நிலம்? அந்த சொலிசிட்டர் பிள்ளையிட்ட ஒருக்கால் கேளுங்கோவன்."

"உமக்குச் சட்டை வெட்டத் தெரியும். காணி விஷயத்தை என்னட்ட விடும்" என்றேன்.

அவள் பிளானை மடித்து என்னிடம் தந்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மகனே, அவள் சொன்னது பிழை என்று நினைத்து நான் அப்படிச் சொல்லவில்லை. சரியாக இருந்துவிடுமோ என்று பயந்துதான் சொன்னேன். சரியென்றால் அந்த வீடு இல்லை. யோகன் திரும்பவும் அந்தப் படியில் இருந்து இருந்து இறங்க வேண்டும்.

மிஸ் தேவகி அந்தக் கோட்டைத் தானாகவே சந்தேகப்பட்டிருக்கிறார். விற்கிறவரின் சொலிசிட்டருக்குக் கேள்வி எழுதியிருக்கிறேன், பதில் வரும்வரை பொறுங்கள் என்றார். வாரங்கள் போயின. வீட்டு ஏஜென்ட் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் எடுத்து, இன்னொருவர் வாங்கத் தயாராக நிற்கிறார் என்றான். அப்படி ஒருவர் உண்மையில் இருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேலையிடத்தில் ஒருவர் வேறொரு சொலிசிட்டரின் பெயரைச் சொன்னார். அவர் பெயரும் இடமும் இங்கே வேண்டாம். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். போனதும் கதிரை இழுத்துப்போட்டார். "அண்ணை, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. எல்லாம் நாங்கள் பாப்பம். நீங்கள் கையெழுத்தை மட்டும் வையுங்கோ" என்றார். எத்தனை காலத்துக்குப் பிறகு ஒருவர் என்னைப் பெரிய மனுஷனாக நடத்தினார்! என் பைல் முழுவதையும் அவரிடம் மாற்றினேன். அவரும் பிளான் ஒன்று அனுப்பத்தான் செய்தார். அதோடு ஒரு படிவம்: பிளானை நேரில் ஒப்பிட்டுப் பார்த்தேன், எல்லாம் பொருந்துகிறது. நான் உறையிலிருந்து படிவத்தை மட்டும் உருவி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பிளானை வெளியே எடுக்கவே இல்லை.

அந்தக் கோடைகாலம் வீட்டுத் திறப்பு கைக்கு வந்தது, குடிபோனோம். நீ பரீட்சை எழுதி முடித்திருந்தாய். புரட்டாதியில் லீட்ஸுக்குப் படிக்கப் போனாய். நீ போன பிறகு இருந்த ஒரு வருடத்தை நீ பார்க்கவில்லை. யோகன் காலையில் எழும்பினால் யாரையும் கூப்பிடாமல் கதவைத் திறந்து வளவில் போய் உட்காருவான். மழை தூறினாலும் உட்காருவான். அம்மா ஏசினால், "மச்சாள், நான் இவ்வளவு நாளும் உள்ளுக்க இருந்தது காணும்" என்பான்.

அடுத்த வருடம் எங்களுக்குப் பின்னால் இருந்த பழைய கராஜ் வளவை யாரோ வாங்கினார்கள், பிளாட் கட்டுவதற்கு. நில அளவைக்காரர் இருவர் வந்து கருவியை நிறுத்தி அளந்தார்கள். யோகன் அவர்களுக்குக் கை காட்டினானாம். மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் பின்னறை முழுவதும் அவர்களுடைய நிலத்தில் நிற்கிறது, அகற்ற வேண்டும்.

எனக்குப் போக வேறிடம் இருக்கவில்லை. மிஸ் தேவகியின் வாசலில்தான் போய் நின்றேன். பாதியில் விட்டுவிட்டுப் போனவன் என்று அவர் முகத்தில் காட்டவில்லை. கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். "அந்த ரூம் எப்போ கட்டினாங்கன்னு தெரியுமா சார்?" என்று கேட்டார். எங்களுக்கு விற்றவர் கட்டியது, ஒன்பது வருடம் இருக்கும் என்றேன். நிலத்துக்கு உரிமை கேட்க அது போதாது என்றார். பிறகு, "நான் அனுப்பின பிளானை நீங்க அப்போ பார்த்தீங்களா?" என்றார்.

"என்ர மனுசி பாத்தவ."

"அவங்க என்ன சொன்னாங்க?"

சொன்னேன். அம்மா சொன்னதையும், நான் திருப்பிச் சொன்னதையும், யோகனைப் பற்றியும், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்தார். "அந்த ரூம்ல யார் இருக்கப்போறாங்கன்னு மட்டும் அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தா, உங்களை விட்டிருக்கவே மாட்டேன் சார்" என்றார். அந்த ஒரு வசனம்தான். திட்டவில்லை.

அந்த நிலத்துண்டை விலைக்கோ வாடகைக்கோ கேட்டு அவர் மாதக்கணக்காக எழுதினார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். அங்கே அவர்களுக்கு வண்டிப் பாதை வர வேண்டுமாம். மற்ற சொலிசிட்டர் மேல் முறையிடலாமா என்று கேட்டேன். ஒப்பிட்டுப் பார்த்தேன் என்று நான் வைத்த கையெழுத்தின் பிரதியை என் முன்னால் வைத்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அறையை இடித்தார்கள். யோகனின் கட்டிலை முன் ஹோலில் போட்டோம். ஆனால் மிச்சமிருந்த ஒரே கக்கூசு மேல்மாடியில். கீழே புதிதாக ஒன்று கட்ட எங்களுக்கு அப்போது வழி இருக்கவில்லை. ஏழாம் நாளோ எட்டாம் நாளோ படியில் விழுந்து தோள்மூட்டு விலகியது. ஆஸ்பத்திரியில் ஒரு சோஷல் வேர்க்கர் அவனோடு பேசினார். சில மாதத்தில் ஒரு ஹவுசிங் அசோசியேஷன் மூலம் அப்டன் பார்க்கில் படியில்லாத சின்ன பிளாட் ஒன்று கிடைத்தது. லண்டனின் மறு முனை. அவன் அழவில்லை. சாமான் ஏற்றிய வானில் ஏறுமுன் என்னைக் கூப்பிட்டு, "அண்ணை, பெடியனுக்கு இதெல்லாம் சொல்லாதேங்கோ. படிக்கிற நேரம்" என்றான். அவன் சொன்னது அந்த ஒரு தவணைக்கு. நான் அதைப் பிடித்துக்கொண்டு ஐந்து வருடம் ஓட்டினேன்.

நீ லீட்ஸிலிருந்து போன் எடுத்து, "ஏன் சித்தப்பா போனவர்?" என்று கேட்டபோது, "தனிய இருக்கப்போறன் எண்டு நிண்டவன், நாங்கள் என்ன செய்யிறது" என்றேன். விடுமுறைக்கு வந்து பின்னறை எங்கே என்றாய். ஈரம் ஊறிப் பழுதாகிவிட்டது, இடித்தோம் என்றேன். நீ அவனுக்கே போன் எடுத்துக் கேட்டாய். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "எனக்கும் ஒரு தனி வீடு வேணுமெடா." என் பொய்யைக் காப்பாற்ற அவன் உன்னை இழந்தான். நீ அவனுக்குப் போன் எடுப்பது குறைந்தது, அவனைப் பார்க்கப் போவதும் நின்றது. ஒவ்வொரு தடவையும் அம்மா, "நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?" என்பாள். நான் அவளிடம் கெஞ்சுவேன். அவளுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

இனி உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மிஸ் தேவகி இன்னும் குரோய்டனில்தான் இருக்கிறார். அவரிடமே போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாரிடம் போனாலும், உன் பைலை யார் கையில் வைத்திருக்கப்போகிறார்கள், அந்த ஆளோடு நீ நேரே பேச முடியுமா என்று முதலில் கேள். ஏஜென்ட் ஒரு பெயரைத் தந்தால், அந்தச் சொலிசிட்டருக்கு அடுத்த வேலையையும் அந்த ஏஜென்ட்தானா கொடுக்கப்போகிறான் என்று யோசி. ஒன்றுக்கும் யோசிக்காதே என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடு. உன்னை யோசிக்க வைக்கிறவர் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருப்பார். அவரைப் பிடித்துக்கொள். நம் ஆள், நம் பாஷை என்பது நல்லதுதான், ஆனால் அது ஒரு தகுதி அல்ல. நான் இரண்டு பேரிடம் போனேன், இரண்டு பேரோடும் தமிழில்தான் பேசினேன்.

அவரிடம் எதையும் மறைக்காதே. என்ன விலை, எந்த வங்கி என்பதெல்லாம் அவர் எப்படியும் அறிந்துகொள்வார். நீ எதற்காக அந்த வீட்டை விரும்புகிறாய் என்பதை நீ சொன்னால்தான் தெரியும். அந்த பால்கனிக்காக என்று நிரோஷா சொன்னாளே, அதைச் சொல். அப்போது அவர் அந்த பால்கனி உங்களுடையதுதானா என்று தேடுவார். இப்போது விற்கிறவர்களே ஒரு தகவல் கட்டுத் தயாரித்துக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறதாம். கட்டு தடிப்பாக இருக்கிறதென்று மயங்காதே. பிளாட் என்றால் லீஸ் இருக்கும், நீண்டகாலக் குத்தகை. இன்னும் எத்தனை வருடம் மிச்சம், கூரை ஒழுகினால் யார் பொறுப்பு, எல்லாவற்றையும் எழுத்தில் கேள், எழுத்தில் வாங்கு. பிளானோடு போய் நட, சுவர்வரை நட. இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொள்ளும் நாள்வரை நீ வேண்டாம் என்று திரும்பி வரலாம், அதற்குப் பிறகு வர ஏலாது. அந்த நாளுக்கு முன்னால் ஒரு வீட்டை இழந்தால் அது இழப்பே இல்லை. வேறொருவர் நிற்கிறார் என்று சொன்னால், அவரே வாங்கட்டும் என்று சொல்லப் பழகு. நான் பழகவில்லை.

இன்னொன்று. பேப்பரை நிரோஷாவோடு சேர்ந்திருந்து வாசி. அவள் ஓரிடத்தில் விரலை வைத்து இது என்ன என்று கேட்டால், உனக்கு விளங்கியிருந்தாலும் நின்று பார். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல். அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல்தான் நான் என் தம்பியை வீட்டைவிட்டு அனுப்பினேன்.

நேற்று அப்டன் பார்க் போனேன். யோகன் கதவைத் திறந்தான். உனக்கு எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்று சொன்னேன். ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தான்.

"ஏன் அண்ணை இப்ப? அவன் சந்தோஷமாய் வீடு வாங்கிற நேரம். உங்களோட கோவிக்கப் போறான்."

"கோவிக்கட்டும். அந்தக் கோவம் எனக்குரியது. இவ்வளவு நாளும் உன்னட்டயெல்லே வந்துகொண்டிருந்தது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு எழுந்து குசினிப் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அலுமாரியில் எதையோ தேடினான். அங்கே நின்றபடியே கேட்டான்:

"அவன் இப்பவும் தேத்தண்ணிக்கு ரெண்டு கரண்டி சீனியோ அண்ணை? இல்லாட்டிக் குறைச்சுப்போட்டானோ?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை மகனே. நீ போய்ச் சொல்லு.

அப்பா